மீன்தூள் ஆலை வாசலில் கத்தியக்கா

கத்தியக்காவை முதலில் அடித்தவன் ஒரு லாரி ஓட்டுநர். ஆலை வாசலில் அவள் வேலைக்கு நின்று அப்போது பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. மீன் பெட்டிகளை இழுக்கும் இரும்புக் கொக்கியின் பின்பக்கத்தால் அவன் போட்ட போட்டில் அவளுடைய இடது புருவம் கிழிந்து, ரத்தம் கண்ணை மறைத்தது. அவள் அசரவில்லை. புறங்கையால் ரத்தத்தை வழித்துவிட்டுக் கையிலிருந்த மண்வெட்டியை அவன் முழங்காலில் இறக்கினாள். இரண்டு பேரையும் ஒரே வண்டியில் ஏற்றித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். "பொம்பளையா இது, பொம்பளையா இது" என்று வழியெல்லாம் அவன் புலம்பிக்கொண்டு வந்தான். "காலை நீட்டி வை, மடக்குனா வீங்கிடும்" என்று மட்டும் அவள் சொன்னாள்.

இந்த வேலையை அவள் தேடிப் போகவில்லை. அதுதான் அவளைத் தேடி வந்தது. அதற்கு முன் பத்தொன்பது வருஷம் துறைமுகத்தை ஒட்டிய வெட்டுக் கொட்டகையில் நின்று, தலை வேறு, முள் வேறு, சதை வேறாக மீனைப் பிரித்துப் போட்டவள் அவள். கொட்டகையில் அறுபது பெண்கள் இருந்தாலும் கத்தி என்றால் அவள்தான். அவள் வெட்டிப் போட்ட முள்ளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் அந்தப் பக்கம் நிற்கிற ஆள் தெரிவார் என்பார்கள். கத்தியக்கா என்ற பேர் அங்கே ஒட்டியது. பிறகு வீட்டில்கூட அந்தப் பேரைத்தான் சொன்னார்கள்.

மீன்தூள் ஆலை கொட்டகைக்கு அடுத்த தெருவில் இருந்தது. அதன் நாற்றம் அந்தத் தெருவில் குடியிருப்பவர்களின் தலையணைக்குள்ளேயே போய்விட்டிருந்தது. மீனை வேகவைத்து, பிழிந்து எண்ணெயைத் தனியே எடுத்து, சக்கையை உலர்த்தி அரைத்து மூட்டை கட்டுவார்கள். மூட்டைகள் மீன் பண்ணைகளுக்குத் தீவனமாகப் போகும். ரொம்ப வருஷமாக அதற்குக் கடலிலிருந்து வந்ததெல்லாம் குஞ்சு மீன்தான். கொசுவலை மாதிரியான வலையை அடியோடு இழுத்து, விரல் நீளம்கூட இல்லாததை எல்லாம் வாரிக்கொண்டு வந்து குழியில் கொட்டுவார்கள். பாதி அப்போதும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் பண்ணைக்காரர்கள், குஞ்சை அரைத்த தூள் இனி வேண்டாம் என்று கையை விரித்துவிட்டார்கள். ஆலை மேனேஜர் ஆட்களைக் கூட்டிப் பேசினார். "நாலு மூட்டை குஞ்சை அரைச்சா ஒரு மூட்டை தூள் கிடைக்குது. மீனை வளர்க்கிறேன்னு சொல்லி மீனையே அழிச்சுக்கிட்டு இருக்கோம். இனிமே வெட்டுக் கொட்டகையில மிஞ்சுற தலை, முள்ளு, குடல், அப்புறம் கயித்துல கட்டி வளர்க்கிற சிப்பி, இது மட்டும்தான் உள்ள வரணும். குஞ்சு ஒண்ணு வந்தாலும் லாரி திரும்பிடணும்."

சொல்வது சுலபம். லாரியில் மேலே ஒரு முழத்துக்குத் தலையும் முள்ளும் இருக்கும். அடியில் எல்லாம் குஞ்சு. யார் பார்த்துச் சொல்வது? மேனேஜர் கொட்டகைக்கு வந்து கத்தியக்காவைக் கேட்டார். அவள் மறுநாளே வாசலுக்கு வந்துவிட்டாள். லாரி மேல் ஏறி, தோள்வரை கையை உள்ளே விட்டுத் துழாவுவாள். முள் குத்தும், வழவழப்பு ஏறும், கையெல்லாம் கீறல். ஆனால் விரலுக்குத் தட்டுப்படுவது வெட்டுப்பட்ட தலையா முழுசான குஞ்சா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள். இப்படித்தான் பதினோராவது நாள் அந்த ஓட்டுநரிடம் அடி வாங்கினாள்.

இரண்டாவதாக அடித்தவர் அவளுடைய அக்கா புருஷன்.

அவர் இரண்டு விசைப்படகு வைத்திருந்தவர். அப்பா இல்லாத வீட்டில் முன்னே நின்று கத்தியக்காவின் கல்யாணத்தை நடத்தி வைத்தவர் அவர்தான். ஊரில் எல்லாரும் படகுக்காரர் என்பார்கள், அவளுக்கு மாமா. பருத்த உடம்பு, பெரிய குரல். மூக்குக்கு மேல் கோபம் வந்தாலும் வந்த வேகத்தில் இறங்கிவிடும் என்று அக்கா எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தாள். இறங்குவதற்குள் தான் எத்தனை அடி வாங்குவாள் என்பதை மட்டும் சொல்லமாட்டாள்.

அன்று அவர் லாரியோடு தானே வந்திருந்தார்.

"அடியில என்ன இருக்கு மாமா?" என்று கத்தியக்கா கேட்டாள்.

"மேல என்ன இருக்கோ அதான் கீழயும் இருக்கு. திறந்து விடு."

அவள் ஏறிக் கையை விட்டாள். வெளியே எடுத்தபோது கை நிறையக் குஞ்சு.

"இது முழுசா இருக்கே மாமா. இன்னும் ஒரு தடவைகூட முட்டை போடாதது."

"உனக்குக் கல்யாணம் பண்ணி வச்சவன்டி நான். எங்கிட்டயே சட்டம் பேசுறியா?"

"பண்ணி வச்சீங்க, நான் மறக்கல. லாரியைத் திருப்பச் சொல்லுங்க."

அவள் கீழே இறங்கிக் கால் தரையில் படுவதற்குள் அறை விழுந்தது. காதுக்குள் மணி அடித்த மாதிரி இருந்தது. இரண்டாவது அறையில் உதடு பல்லில் குத்திக் கிழிந்தது. வாசலில் பதினைந்து பேர் நின்றார்கள்; ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. அவள் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு, வாசல் கம்பியைக் கீழே இறக்கிப் பூட்டினாள். சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள்.

"திருப்புங்க மாமா."

லாரி திரும்பியது. போகிற வழியில் லோடு முழுவதையும் ஆலையின் மதிலோரம் கொட்டிவிட்டுப் போனார். மூன்று நாள் அந்தத் தெருவில் ஒருவரும் வாய் திறந்து மூச்சு விடவில்லை.

மறுநாள் மத்தியானம் அக்கா கத்தியக்காவின் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேரே சமையலறைக்குள் வந்து தங்கையின் தலைமயிரைப் பிடித்தாள்.

"நாலு பேர் முன்னாடி என் புருஷன் மூஞ்சில கரியைப் பூசிட்டியேடி!"

"அவரு என் மூஞ்சில என்ன பூசினாருன்னு பாருக்கா."

"வாங்கினா வாங்கிக்க வேண்டியதுதானே? நான் வாங்கலையா?"

அந்த வார்த்தைதான் கத்தியக்காவுக்கு அடியைவிட வலித்தது. அக்கா வாணலியை எடுத்து வீசினாள். அது குழாயில் பட்டுத் தண்ணீர் பீறிட்டது. தங்கை அவளைச் சுவரோடு வைத்து அமுக்கினாள். தட்டுகள் உருண்டன. கத்தியக்காவின் புருஷன் அதே ஆலையில் பாய்லர் பார்ப்பவர். இருபது வருஷ இரைச்சலில் ஒரு காது அடியோடு போய், இன்னொன்று அரைகுறையாக வேலை செய்தது. முன்னறையில் படுத்திருந்தவர் குரல் கொடுத்தார்.

"யாரு வந்திருக்கா?"

"அக்கா வந்திருக்கா!" என்றாள் அவள், அக்காவின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்தபடி.

"காபி போட்டுக் குடு."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த மறுநிமிஷம் அழுதாள். பிறகு கையை உதறிக்கொண்டு, "இனிமே எனக்குத் தங்கச்சியே இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருந்தது. மேனேஜர் காரின் கண்ணாடி நொறுங்கியது. கடலில் சிப்பி வளர்க்கும் கயிறுகளை யாரோ அறுத்துவிட்டார்கள். ஒன்றரை வருஷ சிப்பி அடியில் போய் மண்ணில் புதைந்தது. அதைக் கேட்கப் போன சிப்பிக்காரரின் கை விரல்களைப் படகின் விளிம்பில் வைத்துக் கட்டையால் நசுக்கினார்கள்.

பிறகு ஒரு புதன்கிழமை காலை, வேலை மாறுகிற நேரத்தில், நாற்பது பேர் வந்தார்கள். இரும்புக் கம்பி, துடுப்புக் கட்டை, கொக்கி. முன்னால் படகுக்காரர். பின்னால் மூன்று லாரி. முதல் லாரி பூட்டிய கம்பியை நிற்காமல் இடித்துப் பிடுங்கிக்கொண்டு உள்ளே வந்தது. குறுக்கே ஓடிய காவலாளியின் தோளில் கம்பி விழுந்த சத்தம், காய்ந்த விறகு முறிகிற மாதிரி கேட்டது. கத்தியக்காவை இரண்டு பேர் பிடித்துத் தரையில் தள்ளி முதுகில் மிதித்தார்கள். விலா எலும்பு ஒன்று உள்ளே முறிந்ததை அவளால் உணர முடிந்தது. பாய்லர் அறையிலிருந்து அவள் புருஷனை வெளியே இழுத்துப் போட்டார்கள். என்ன சொல்கிறார்கள் என்று காதில் விழாமல் அவர் "என்ன? என்ன?" என்று கேட்க, நக்கல் பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டு ஒருவன் அவர் முழங்கையில் கட்டையால் போட்டான்.

படகுக்காரர் தன் லோடைத் தானே குழியில் இறக்கினார். குழி என்பது ஓர் ஆள் உயரச் சிமெண்டுத் தொட்டி. அதன் அடியில் தொடை பருமனுள்ள இரும்புத் திருகு நீளமாகப் படுத்திருக்கும். அது சுழன்றால் மேலே கிடக்கும் மீனை அரைத்து இழுத்துக்கொண்டு போய் வேகவைக்கும் கொப்பரையில் தள்ளும். குஞ்சு சரியாகச் சரியவில்லை என்று அவர் ரப்பர் பூட்ஸோடு குழிக்குள் குதித்து, காலால் தள்ளினார்.

"பாருங்கடா! என் மீனு உள்ள போகுதா இல்லையான்னு பாருங்கடா!" என்று கத்தினார்.

அதைக் கேட்ட ஒருவன், அவர் வெளியே நின்று சொல்வதாக நினைத்துத் திருகின் விசையைப் போட்டான்.

அந்த அலறலைப் பற்றி அங்கே இருந்த யாரும் பிற்பாடு பேசவே இல்லை. திருகு பூட்ஸைக் கவ்வி, பாதத்தைக் கவ்வி, கணுக்காலுக்கு மேல் ஏறியது. நிறுத்தத் தெரியாமல் ஒருவன் மின்சாரப் பெட்டியைக் கம்பியால் அடித்து நொறுக்கினான். பொறி பறந்தது. திருகு நின்றது. ஆலையில் இருந்த எல்லாமே நின்றது. பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டாரும் நின்றது. அடியில் எரிகிற நிலக்கரி மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

சத்தம் கேட்காத மனுஷனுக்கு அந்த அமைதி மட்டும் கேட்டுவிட்டது. கத்தியக்காவின் புருஷன் எழுந்து உட்கார்ந்து, "தண்ணி ஏறல! பாய்லர் வெடிச்சிடும், ஓடுங்க!" என்று கத்தினார். நாற்பது பேரும் ஓடினார்கள். கம்பிகளைப் போட்டுவிட்டு, லாரிகளை விட்டுவிட்டு, குழிக்குள் கிடந்த தங்கள் தலைவரையும் விட்டுவிட்டு ஓடினார்கள். பாய்லரும் குழியும் ஒரே சுவரின் இரண்டு பக்கம் என்று எல்லாருக்கும் தெரியும்.

"எவ்வளவு நேரம்?" என்று அவள் புருஷனின் கேட்கிற காதில் கத்தினாள்.

"கால் மணி நேரம். கம்மியாவும் இருக்கலாம். நெருப்பை வெளிய வாரிப் பார்க்கிறேன்." உடைந்த கையை வயிற்றோடு வைத்துக்கொண்டு, மற்ற கையால் நீளக் கரண்டியைத் தூக்கிக்கொண்டு அவர் உள்ளே போனார்.

அவள் விலாவைப் பிடித்துக்கொண்டு குழியில் இறங்கினாள். முழங்கால்வரை குஞ்சு மீன். அதில் ரத்தம் ஊறி எல்லாம் ஒரே நிறமாகிவிட்டிருந்தது. படகுக்காரரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. திருகைப் பின்னோக்கிச் சுழற்ற மின்சாரம் வேண்டும். கையால் திருப்பத் தெரிந்த மெக்கானிக் தலையில் அடிபட்டு வாசலில் கிடந்தார். அவள் குனிந்து, மீனுக்குள் கையை விட்டுத் துழாவினாள். முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் இருந்தது. அதற்கு அப்புறம் கைக்குத் தட்டுப்பட்டதைக் கால் என்று சொல்ல முடியாது.

தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, முழங்காலுக்கு மேல் சுற்றி, ஒரு கட்டையைச் செருகி முறுக்கினாள். பிறகு இடுப்பிலிருந்த கத்தியை எடுத்தாள்.

"வேண்டாம்மா" என்றார் அவர். கல்யாணமான நாளிலிருந்து அவளை அவர் அம்மா என்று கூப்பிட்டதில்லை. "வேண்டாம்மா, கரண்டு வந்துடும். கொஞ்சம் இரு."

"கரண்டு வராது மாமா. என்னைப் பாருங்க. காலைப் பார்க்காதீங்க."

கண்ணை மூடிக்கொண்டு முழங்கால் மூட்டைத் தேடினாள். கத்தி உள்ளே போனது. அவர் இரண்டு கையாலும் அவள் முகத்தில் அடித்தார், கழுத்தைப் பிடித்தார், தோளைக் கடித்தார். அவள் கை நிற்கவில்லை. கத்தி எலும்பை அறுக்காமல் இடுக்கில் நுழைய, நரம்பும் நாரும் ஒவ்வொன்றாக விட்டன. முடிந்ததும் அக்குளில் கைகொடுத்து அவரை மேலே தள்ளினாள். வெளியே வாசல்வரை முதுகுப்பக்கமாக இழுத்துக்கொண்டு போனாள்.

பாய்லர் வெடிக்கவில்லை. அவள் புருஷன் ஒற்றைக் கையால் நெருப்பு முழுவதையும் தரையில் வாரிப் போட்டு, நீராவியைத் திறந்துவிட்டு, புருவமும் மீசையும் பொசுங்கிய முகத்தோடு வெளியே வந்தார்.

பாய்லர் வெடிக்காததுதான் அவளுக்கு வினையாகப் போனது. ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து படகுக்காரர் போலீஸிடம் வாக்குமூலம் கொடுத்தார். "பாய்லர்தான் வெடிக்கவே இல்லையே? அப்புறம் எதுக்கு வெட்டினா? நான் அறைஞ்சதுக்குப் பழி தீர்த்துக்கிட்டா. கண்ணை மூடிக்கிட்டு, ருசிச்சு வெட்டினாய்யா." ஓடிப்போன நாற்பது பேரில் பாதிப் பேர் அதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார்கள். கட்டுப் போட்ட விலாவோடு அவளை ஏழு நாள் காவலில் வைத்தார்கள். அந்த ஏழு நாளில், நாற்பது பேர் செய்த கலவரம் மறந்துபோய், ஊர் முழுக்கக் கால் வெட்டிய கதைதான் ஓடியது.

அறுவை செய்த டாக்டர்தான் எட்டாம் நாள் ஸ்டேஷனுக்கு நேரில் வந்தார். "அங்க கால்னு ஒண்ணு இருந்திருந்தால்தானே இவங்க வெட்டினதாச் சொல்லலாம்? திருகு மென்னு துப்பியிருந்துச்சு. இவ்வளவு நேர்த்தியா மூட்டுல பிரிக்க எங்க ஆளுங்களுக்கே அரை மணி நேரம் ஆகும். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா நீங்க அவர்கிட்ட வாக்குமூலம் வாங்கியிருக்க மாட்டீங்க, என்கிட்ட சாவுச் சான்றிதழ்தான் வாங்கியிருப்பீங்க" என்றார். அன்று மாலையே விட்டுவிட்டார்கள்.

ஆனால் அவள் தன்னை அவ்வளவு சீக்கிரம் விடவில்லை. வெட்டியது சரிதான் என்று தெரியும். அவளை அரித்தது வேறு. கை ஏன் ஒரு தடவைகூடத் தயங்கவில்லை? அது மாமாவின் கால் என்பதை அந்தக் கை எந்த இடத்தில் மறந்தது? புருஷனிடம் ஒரு நாள் கேட்டாள். அவர் பாதிதான் காதில் வாங்கியிருப்பார். "தயங்கியிருந்தா கோணலாப் போயிருக்கும்" என்றார்.

கலவரத்துக்காகப் படகுக்காரருக்கும் இன்னும் ஆறு பேருக்கும் ஒரு வருஷம் சிறை. கால் போனவர் என்று அவரை ஐந்து மாதத்தில் அனுப்பிவிட்டார்கள். அவர் வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம், ஒரு காலை வேளையில், அக்கா ஆலை வாசலுக்கு வந்தாள். முகத்தின் ஒரு பக்கம் கறுத்து வீங்கியிருந்தது. முன்பல் ஒன்று இல்லை. ஊன்றுகோலால் அடித்திருந்தார்.

கத்தியக்கா லாரியை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு, பூட்ஸோடே அக்கா வீட்டுக்கு நடந்தாள். அவர் வாசற்படியை ஒட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் ஊன்றுகோலைச் சுழற்றினார். தோளில் வாங்கிக்கொண்டு, அதைப் பிடுங்கி, படியின் விளிம்பில் வைத்துக் காலால் மிதித்து இரண்டாக உடைத்தாள். அதற்குமேல் அவரால் எழுந்திருக்க முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது. அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கே விட்டுட்டுப் போயிருக்கலாம்ல?" என்றார் அவர்.

"போயிருக்கலாம். அக்கா மேல கை வைக்கிறதுக்கா உங்களைத் தூக்கிட்டு வந்தேன்?"

தெருவில் யாரோ தகரத்தை இழுத்துக்கொண்டு போனார்கள். சத்தம் அடங்கியதும் அவர் கேட்டார்.

"அந்த மீனு என்னாச்சு? குழியில கிடந்துச்சே."

"கரண்டு வர ஒன்பது நாள் ஆச்சு மாமா. அழுகிப் போச்சு. வெளியே அள்ளிக் குழி தோண்டிப் புதைச்சோம். எதுக்கும் ஆகல."

"எதுக்கும் ஆகலையா?"

"ஆகல."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். காலுக்காக அழுதாரா மீனுக்காக அழுதாரா என்று அவளுக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள அவள் காத்திருக்கவும் இல்லை. அக்காவின் துணிமணியை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மறுவாரம் தச்சரிடம் புது ஊன்றுகோல் ஒன்று செய்யச் சொல்லி, புருஷன் கையில் கொடுத்தனுப்பினாள். "கொஞ்சம் லேசான மரமாப் பாருங்க" என்று தச்சரிடம் அவள் சொன்னது அவர் கை நோகாமல் இருக்க இல்லை, அடித்தாலும் யாருக்கும் எலும்பு முறியாமல் இருக்க.

அக்கா திரும்பிப் போகவில்லை. ஆலையின் பின்கட்டில், புதிதாகப் போட்ட கயிறுகளிலிருந்து வரும் சிப்பியை வேகவைத்து ஓடு நீக்குகிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் மாதம் விரலெல்லாம் கிழிந்தது. தங்கை கட்டுப் போட வந்தால், "நீ கத்தி பிடிக்கிற கையோட கிட்ட வராதே" என்பாள். பிறகு கையை நீட்டுவாள். சிப்பித் தூளைச் சேர்த்த தீவனத்தைப் பண்ணை மீன்கள் நன்றாகத் தின்கின்றன என்று தகவல் வந்தபோது, தானே சமைத்துப் போட்ட மாதிரி அக்கா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

கத்தியக்காவுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. இன்னும் வாசலில்தான் நிற்கிறாள். போன வருஷம்கூட ஒருவன் கல்லெறிந்தான். இரண்டு பல்லில் ஆட்டம் கண்டது. அவள் எறிந்தவனைத் தேடிப் போகவில்லை, அவன் லோடைத்தான் தேடிப் பார்த்தாள். அடியில் குஞ்சு இருந்தது. லாரி திரும்பியது.

படகுக்காரர் படகுகளை விற்றுவிட்டுத் துறைமுகத்துச் சாலையில் ஒரு கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறார். அக்காவும் தங்கையும் வேலை முடிந்து அந்த வழியாகத்தான் நடந்து வரவேண்டும். அவர்களைப் பார்த்துவிட்டால் ஊன்றுகோலைத் தரையில் தட்டி, ஏழு தலைமுறையையும் இழுத்துத் தெரு முழுக்கக் கேட்கும்படி திட்டுவார். முதலில் அக்கா தலையைக் குனிந்துகொண்டு போவாள். இப்போது குனிவதில்லை.

"இன்னிக்குக் குரல் கொஞ்சம் கரகரன்னு இருக்கே" என்றாள் ஒரு நாள்.

"சளியா இருக்கும்" என்றாள் கத்தியக்கா. இருவரும் நடையைத் தளர்த்தாமல் போனார்கள்.